கஷ்ட காலம் அறிவிக்கப்படும் வரை

புகழேந்தியின் வீட்டுக்குக் கஷ்ட காலம் ஆண்டுதோறும் ஐப்பசியில் வரும். அது சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. முதல் மழை விழுந்ததும் வேங்கிக்காலில் புது வீடு கட்டுகிறவர்கள், "செவுரு காயட்டும்பா, தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்பார்கள். பெயிண்டருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிரஷ்களைக் கழுவிக் கட்டி, ஏணியைச் சுவரோரம் படுக்கவைத்துவிட்டு, தை வரும்வரை அவனும் ஏறக்குறைய அந்த ஏணியைப் போலவே கிடப்பான்.

அவன் மனைவி உண்ணாமலை மாசியிலேயே வேலையைத் தொடங்கிவிடுவாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. கத்திரி, கொத்தவரை, மிளகாய், வேலியோரம் ஒரு சுண்டைச் செடி. தின்றது போக மிஞ்சியதை அரிந்து, உப்புப் போட்டு, மோரில் ஊறவைத்து மொட்டை மாடியில் காயவைப்பாள். திருவண்ணாமலையில் வெயிலுக்குப் பஞ்சம் கிடையாது. வத்தல், வடாம், மோர்மிளகாய், காராமணி, புளி, ஒரு டிரம் கேழ்வரகு, பெரிய பீங்கான் ஜாடி ஒன்றில் வடு மாங்காய். எல்லாம் பரணில் ஏறும். ஐப்பசியில் ஒவ்வொன்றாக இறங்கும். பொங்கலன்று பரண் காலியாக இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வீட்டில் பெயர் எதுவும் இல்லை.

பெயர் வைப்பதற்கு ஓர் அலுவலகம் வந்தது.

'எதிர்வரும் கஷ்ட கால முன்தயாரிப்பு மாவட்ட அலுவலகம்' என்பது அதன் முழுப் பெயர். வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் திறந்தார்கள். பலகை சிறியதாகப் போனதால் 'அலுவலகம்' என்பதை மட்டும் சுவரில் எழுத வேண்டியதாயிற்று. பலகையையும் சுவரையும் எழுதியவன் புகழேந்திதான். ஊரார் அவ்வளவு தூரம் படிக்காமல் 'கஷ்ட ஆபீஸ்' என்று நிறுத்திக்கொண்டார்கள்.

திட்ட அலுவலராக வந்திருந்த ஏகாம்பரநாதன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நிறைய அனுபவம் உள்ளவர். "இதுக்கு முன்னாடி மூணு டிபார்ட்மென்ட்ல இருந்தேன்ப்பா. மூணையும் என்னோடயே மூடிட்டாங்க. எனக்கு அடுத்து அந்த நாற்காலில உக்கார ஆள் கிடைக்கல" என்று, பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த புகழேந்தியிடம் முதல் நாளே பெருமையாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் மத்தியானம் புகழேந்தி மாடிப்படியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தான். ஏகாம்பரநாதன் அறையிலிருந்து வெளியே வந்தார். மூக்கு முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார் என்று சொல்வது மிகையாகாது.

"என்னப்பா அது வாசனை?"

"பழைய சோறுங்க சார்."

"பழைய சோத்துக்கு இப்படி வாசனை வராதே."

"சுண்டக்கா வத்தல் சார். கூட ரெண்டு மோர்மொளகா."

"எந்தக் கடை?"

"கடையில்ல சார், வூட்ல போட்டது. செடியும் நம்முளுதுதான். மழ மாசத்துக்குன்னு எல்லாம் சேத்து வச்சிருப்போம். மூணு மாசம் தாங்கும் சார்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உண்ணாமலை இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். ஆனால் பெயிண்டர் என்பவன் எந்தச் சுவரை முடித்தாலும் 'அஞ்சு வருஷம் தாங்கும் சார்' என்று சொல்லிப் பழகியவன். வாய் தன் பாட்டுக்கு வந்துவிட்டது.

ஏகாம்பரநாதன் ஆய்வுக்காக இரண்டு சுண்டைக்காய் எடுத்துச் சாப்பிட்டார். ஒப்பீட்டுக்காக இன்னும் இரண்டு எடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மாவட்டம் பூரா தேடிக்கிட்டிருந்தோம். நம்ம படிக்கட்டுலயே உக்காந்திருக்க" என்றார்.

அடுத்த வாரம் ஜீப் ஒன்று அடி அண்ணாமலைக்கு வந்தது. வீட்டு வாசலில் 'முன்மாதிரி இருப்பு இல்லம்' என்று பலகை நட்டார்கள். (அதையும் புகழேந்தியே எழுதினான்.) ஒலிபெருக்கி வைத்து ஏகாம்பரநாதன் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! உங்களுக்கு இதுவரைக்கும் எவ்வளவோ கஷ்டம் வந்திருக்கு. ஆனா அது எதுக்கும் முன்கூட்டியே ஒரு அலுவலகம் இருந்ததில்ல. இப்ப அலுவலகம் வந்தாச்சு. இனிமே கஷ்டம் வரவேண்டியதுதான் பாக்கி. அதையும் கொண்டுவந்து சேக்கறது எங்க பொறுப்பு!"

கைதட்டினார்கள். எதிர்ப்புறம் இளநீர்க் கடை வைத்திருந்த சடையன் மட்டும் கையில் வெட்டுக்கத்தி இருந்ததால் தட்டவில்லை. "டேய் புகழு, எனக்கும் ஒரு போர்டு கேட்டு வாங்கிக் குடுடா. எங்கூட்ல கஷ்டம் ரெடியா கீது, தயாரிப்புதான் இல்ல" என்றான்.

பேச்சு முடிந்ததும் பரணில் ஏறினார்கள். ஜாடியின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணி மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார்கள். டிரம்முக்கு ஒன்று, வத்தல் டப்பாக்களுக்கு ஒவ்வொன்று, புளிப்பானைக்கு ஒன்று.

"இன்னா சார் இது?" என்று உண்ணாமலை கீழிருந்து கேட்டாள்.

"பாதுகாப்பும்மா. கஷ்ட காலத்துக்குன்னு சேத்து வச்சத இப்பவே தின்னுட்டா, கஷ்ட காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"ருசிக்கு ஒண்ணு ரெண்டு தவிர இப்பத் தின்னமாட்டோம் சார். ஐப்பசிலதான் எறக்குவோம்."

"அத நீங்க முடிவு பண்ணக் கூடாது. கஷ்ட காலம் வந்துருச்சுன்னு அலுவலகம் அறிவிக்கும். அப்புறம்தான் சீல் உடைக்கணும். பயப்படாதீங்க. அறிவிச்ச அன்னிக்கு இந்த வீட்டு இருப்பு மொத்தமும் இந்த வீட்டு ரேஷன் கார்டுல பேர் இருக்கறவங்களுக்குத்தான். எழுதியே வச்சிருக்கேன். நானே எழுதினது."

உண்ணாமலை ஜாடியைப் பார்த்தாள். வடு போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. வடு மாங்காய் என்பது போட்டுவிட்டு மறந்துபோகிற சாமான் இல்லை. தினம் ஒருமுறை ஜாடியைக் குலுக்க வேண்டும்; அப்போதுதான் உப்பு ஏறும், காய் சுருங்கும். குலுக்காவிட்டால் மேலாகப் பூஞ்சை பூத்துவிடும்.

"குலுக்கணும் சார் அத" என்றாள்.

ஏகாம்பரநாதன் யோசித்தார். முத்திரையிட்ட பொருளை உரிமையாளர் அசைப்பது முத்திரையைச் சேதப்படுத்த முயல்வதாகும் என்று விதியில் இருந்தது. அசைக்காமல் விட்டால் முன்மாதிரி இருப்பு கெட்டுப்போகும் என்று உண்ணாமலை சொன்னாள். இரண்டும் உண்மையாக இருந்ததால், ஒரு பணியிடம் உருவாக்க வேண்டியதாயிற்று.

குலுக்கல் உதவியாளர் காசி இப்படித்தான் அந்த வீட்டுக்கு வந்தான். ஒல்லியான பையன் அல்ல, ஒல்லியான ஆள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தொகுப்பூதியம் என்று சொல்லி எடுத்திருந்தார்கள். அதில் தொகுப்பு இருந்தது, ஊதியம்தான் வரவில்லை. தினம் வேங்கிக்காலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். பரணில் ஏறுவான். ஜாடியின் காதைப் பிடித்து, அதனிடம் மன்னிப்புக் கேட்பவனைப் போல லேசாக அசைப்பான்.

"இன்னாப்பா, தூங்கற கொழந்தைய எழுப்பறியா? நல்லாக் குலுக்கு!" என்பாள் உண்ணாமலை.

"பயிற்சி இல்லக்கா. பயிற்சிக்கு எழுதிப் போட்டிருக்கு."

பயிற்சிக்குச் சென்னை போய் வந்தான். அங்கே வடு கிடைக்காததால் வெற்று ஜாடியில் கூழாங்கல்லைப் போட்டுக் கற்றுத்தந்தார்களாம். சான்றிதழோடு திரும்பினான்.

"மூணு வகைக் குலுக்கல் இருக்குதுக்கா. கிடைமட்டம், செங்குத்து, கலப்பு."

"நாலாவது ஒண்ணு கீது. கையக் குடு."

முத்திரையிட்ட ஜாடியை அவள் தொடக் கூடாது. ஆகவே, ஜாடியைப் பிடித்திருந்த காசியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு குலுக்கினாள். சட்டப்படி ஜாடியைக் குலுக்கியவன் காசி. காசியைக் குலுக்கியவள் உண்ணாமலை. அன்றிலிருந்து தினமும் அப்படியே நடந்தது. இறங்கி வந்ததும் அவனுக்குக் கொஞ்ச நேரம் தலை சுற்றும். உட்காரவைத்துக் கஞ்சி கொடுப்பார்கள். போகப்போக, தலை சுற்றாத நாளிலும் கொடுத்தார்கள்.

பரணோடு போயிருந்தால் புகழேந்தி பொறுத்திருப்பான். ஆனால் முதல் நாள் தோட்டத்தைப் படம் எடுத்திருந்தார்கள். மாதாமாதம் அதே படத்தை மறுபடி எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் 'இருப்புக் குறைவு' என்று கேள்வி வரும். அதனால் செடியில் இருந்த கத்திரிக்காயைப் பறிக்கக் கூடாது. முதல் படத்தில் பூ இல்லை என்பதால் புதிதாக வரும் பூவைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும்.

காய்க்கு இது தெரியவில்லை. முற்றியது, பழுத்தது, மஞ்சளாகத் தொங்கியது. படத்தை வைத்துக்கொண்டு ஏகாம்பரநாதன் செடியையும் புகழேந்தியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீ பெயிண்டர்தானே?"

"ஆமாங்க சார்."

"அப்புறம் என்ன?"

புகழேந்திக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், தொழில்காரன் என்ற முறையில், இருந்த ஒரே சந்தேகத்தைக் கேட்டான்.

"சார், தோலு வழவழன்னு இருக்கும். நேரா அடிச்சா புடிக்காது. மொதல்ல பிரைமர் போடணும்."

"போடு. காம்புல மட்டும் படாம பாத்துக்க. இது இயற்கை விவசாயம்."

அவன் கத்திரிக்காய்க்கு ஊதா அடிப்பதை உண்ணாமலை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்தாள். "கல்யாணமாகி வந்த நாளா கேக்கறன், இந்தச் செவுத்துக்கு ஒரு கோட்டிங் அடிச்சியாய்யா நீ? கத்திரிக்காய்க்கு ரெண்டு கோட்டிங்!"

"ஒரு கோட்டிங்ல மஞ்ச தெரியுது" என்றான் அவன், திரும்பாமல்.

மலையிலிருந்து இறங்கிவந்த குரங்கு ஒன்று அடுத்த நாள் அதில் ஒரு காயைப் பறித்துக் கடித்தது. கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு வாசலில் நின்ற அலுவலக ஜீப்புக்குப் போய், காயை அதன் முன்பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிற்று. காசி அதை எடுத்து, பல் பட்ட பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி செடியில் நூலால் கட்டினான். சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. ஐந்து மாதமாக ஒரு காய்கூடக் குறையாத, வாடாத, நிறம் மாறாத தோட்டம் வேறெந்த மாவட்டத்திலும் இல்லையாம்.

ஐப்பசி பிறந்தது. மழை விழுந்தது. "செவுரு காயட்டும்பா" என்றார்கள்.

ரேஷன் அரிசியில் கஞ்சி காய்ச்சினாள் உண்ணாமலை. புகழேந்தி தட்டின் முன் உட்கார்ந்து, "தொட்டுக்க?" என்றான்.

"பரணப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டு குடித்தான். இப்படிச் சில நாள் போனது. அரிசி மாதக் கடைசி வரை வராது என்று தெரிந்ததும் அவள் ஒரு வேளைக் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டினாள். காசிக்கு ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான்; குரலில் தெம்பு இல்லாததால் அது எடுபடவில்லை.

புகழேந்தி வேங்கிக்காலுக்குப் போனான். தான் அடித்த பச்சைச் சுவரோரமாக நின்றான்.

"சார், கஷ்ட காலம் வந்துடுச்சு சார். சீல ஒடச்சிக் குடுத்தீங்கன்னா..."

"யாரு சொன்னா வந்துடுச்சுன்னு?"

"எங்கூட்ல வந்துடுச்சு சார்."

ஏகாம்பரநாதன் பொறுமைசாலி. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "விதி என்னன்னா, ஒரு வீட்ல உணவு இருப்பு அறவே இல்லாம இருக்கறதுதான் கஷ்ட காலம். உங்க வீட்ல இருப்பு இருக்கா?"

"கீது சார். சீல் போட்டு."

"இருக்குல்ல? அப்ப கஷ்டம் இல்ல."

"அத எடுக்க முடியல சார்."

"எடுக்காததனாலதானே இருக்கு!"

புகழேந்தி இதைச் சுற்றி வந்து பார்த்தான். எங்கே நுழைவது என்று தெரியவில்லை. "சார், இருப்பு இல்லாத வூடா இருந்தா?"

"உடனே கஷ்ட காலம்னு சொல்லிடலாம். சீல் உடைக்க உத்தரவும் குடுத்துடலாம்."

"அந்த வூட்லதான் ஒண்ணும் இல்லியே சார். எந்த சீல ஒடைப்பாங்க?"

"பாத்தியா," என்றார் ஏகாம்பரநாதன், மனப்பூர்வமான வருத்தத்தோடு, "முன்தயாரிப்பு இல்லாதவன் கதி."

ஆனால் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு நல்ல செய்தி சொன்னார். கஷ்ட கால ஒத்திகை ஒன்று நடக்கப்போகிறது. மாவட்டத்தின் ஒரே முன்மாதிரி இல்லம் என்பதால் புகழேந்தி வீட்டில்தான். சென்னையிலிருந்து இயக்குநர் அம்மாவே வந்து முத்திரையை உடைத்து வைப்பார். அலுவலகத்தைச் சேர்ந்த நாற்பது பேர் பசியால் வாடும் மக்களாக வருவார்கள். இருப்பு அனைத்தையும் சமைத்து அவர்களுக்குப் பரிமாறி, ஒரே வேளையில் எத்தனை பேரைப் பட்டினியிலிருந்து மீட்க முடிகிறது என்று கணக்கெடுப்பார்கள்.

"நாங்க சார்?"

"வசதியான அண்டை வீட்டுக்காரங்க. நீங்கதான் பரிமாறணும்."

உண்ணாமலை இதைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஏற்பாடு பார்க்க வந்த ஏகாம்பரநாதனிடமே நேராகப் போனாள். "ஏன் சார், நெஜமாப் பசிச்சவங்கள வச்சே ஒத்திகை பாக்கக் கூடாதா? இங்கயே ரெண்டு பேரு கீறோம். காசியச் சேத்தா மூணு."

"பசிச்சவங்களுக்கு நடிக்க வராதும்மா. நேரா சாப்பிட ஆரம்பிச்சுடுவாங்க" என்றார் அவர். "ஆனா நீங்க சொல்றதுல ஒரு விஷயம் இருக்கு. தத்ரூபமா இருக்கணும். வர்றவங்க யாரும் அன்னிக்குக் காலைலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன். ஒத்திகை முடியறவரைக்கும் வெளிச் சாப்பாடும் கூடாது."

நாளும் குறித்தார். ஐப்பசி பௌர்ணமி. அன்று வேறெந்தத் துறையும் கூட்டமோ ஆய்வோ வைத்திருக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. உள்ளூர்க்காரனான காசி சொல்ல வாயைத் திறந்தான். உண்ணாமலை அவன் காலை மிதித்தாள்.

அவர் போன பிறகு காசியிடம் கேட்டாள். "ஏம்பா, அன்னிக்கி சீல் ஒடைக்க உத்தரவு தனியா கீதா? ஒத்திகைக்குன்னு?"

"இல்லக்கா. ஒரே உத்தரவுதான் அச்சடிச்சு வந்திருக்கு. 'இன்று முதல் கஷ்ட காலம் தொடங்கிவிட்டது'ன்னு இருக்கும். அதுலயே கையெழுத்துப் போட்டுக்கலாம்னுட்டாரு."

"சரி. கஞ்சி ஆறுது, குடி."

ஐப்பசி பௌர்ணமி அன்னாபிஷேகம். அண்ணாமலையாருக்குச் சோற்றாலேயே அபிஷேகம் செய்கிற நாள். திதி காலையிலேயே தொடங்கிவிட்டதால் கூட்டமும் காலையிலேயே தொடங்கிவிட்டது. கிரிவலப் பாதையில் தலைகளாக நகர்ந்தன. பத்தடிக்கு ஒரு அன்னதானம். புகழேந்தி வீட்டுக்கு இடப்பக்கம் சாம்பார் சாதம், வலப்பக்கம் தயிர் சாதம், நேர் எதிரே சடையன் கடை வாசலில் ஒரு கோஷ்டி அண்டா நிறையப் புளிச்சோறு.

நடுவில் பந்தல். பந்தலுக்குள் நாற்பது பேர், விடியற்காலையிலேயே ஜீப்பிலும் வேனிலும் வந்து சேர்ந்தவர்கள், வாழையிலைக்கு முன் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் உலைத்தண்ணீர் மட்டும் கொதித்தது. இயக்குநர் அம்மா வந்து கையெழுத்துப் போட்டால்தான் அதில் போட எதுவும் கிடைக்கும்.

இயக்குநர் அம்மாவின் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அன்று வண்டி எதுவும் பாதைக்குள் வர முடியாது. அவர் நடந்து வரத் தீர்மானித்தார். அவர் இறங்கிய இடத்திலிருந்து அடி அண்ணாமலை கிட்டத்தில்தான். ஆனால் அது எதிர்த்திசை. அத்தனை ஜனமும் வலமாக வரும்போது ஒருவர் மட்டும் இடமாகப் போக முடியாது. இயக்குநராக இருந்தாலும் முடியாது. மலையைச் சுற்றி, பாதையோரத்து எட்டு லிங்கங்களில் பலவற்றைக் கடந்துதான் வர வேண்டும்.

ஏகாம்பரநாதனின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. "மேடம் அக்னி லிங்கத்துக்கு வந்துட்டாங்களாம்" என்றார். வெகு நேரம் கழித்து, "எம லிங்கம். கொஞ்சம் உக்காந்திருக்காங்களாம்" என்றார்.

பந்தலில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்தார். "பிரமாதம்! இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று ஏகாம்பரநாதன் கைதட்டினார். சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்ததும் தட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

சடையன் ஒரு தொன்னையில் புளிச்சோற்றோடு பந்தல் ஓரம் வந்து நின்றான். நல்லெண்ணெய் மினுமினுத்தது. "சார், கொஞ்சம் எடுத்துக்கறது?"

"ஒத்திகையில வெளிச் சாப்பாடு கூடாது" என்றார் ஏகாம்பரநாதன், தொன்னையைப் பார்க்காமல்.

"அப்ப வெளிய வந்து துன்னுட்டு உள்ள போங்க சார். யாரு கேக்கப் போறா?"

நாற்பது பேரும் ஏகாம்பரநாதனைப் பார்த்தார்கள். அவர் தன் இலையைப் பார்த்தார். கைபேசி அடித்தது.

"மேடம்... நிருதி லிங்கமா மேடம்... என்ன மேடம், சரியாக் கேக்கல... வாயில ஏதோ..." கொஞ்சம் கேட்டார். "சாம்பார் சாதமா மேடம்?... சரிங்க மேடம்... ஆமாங்க மேடம், கூட்டம்தான் ஜாஸ்தி... நானே போட்டுடவா மேடம்?"

மறுமுனை மெல்லும் சத்தத்துக்கு நடுவே 'ம்' என்றது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது பசியாலா, அதிகாரத்தாலா என்று சொல்வது கடினம். உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இருந்த குரலையெல்லாம் கூட்டி அறிவித்தார்:

"இன்று முதல் இந்த மாவட்டத்தில் கஷ்ட காலம் தொடங்கிவிட்டது!"

பந்தலில் கைதட்டல் அதிர்ந்தது. பாதையில் போன கூட்டம், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றது.

காசி பரணில் ஏறி முத்திரைகளை உடைத்தான். உண்ணாமலை கீழே நின்று உத்தரவை வாங்கி, ஒருமுறைக்கு இருமுறை படித்து, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரேஷன் கார்ட எடுய்யா" என்றாள் புகழேந்தியிடம். அவன் கொடுத்தான். அதை ஏகாம்பரநாதன் முன் நீட்டினாள். "இதுல உங்க பேரு கீதா சார், பாருங்க."

"என்னம்மா?"

"கஷ்ட காலம் வந்துட்டா இந்த வூட்டு இருப்பு இந்தக் கார்டுல கீறவங்களுக்குத்தான்னு எழுதி வச்சிருக்கீங்களே. நீங்களே எழுதினதுதான சார்?"

"இது ஒத்திகைம்மா!"

"உத்தரவுல அப்டி எங்கயும் போடலியே சார்."

ஏகாம்பரநாதன் காசியைப் பார்த்தார். காசி பரணிலேயே உட்கார்ந்து ஜாடியை, யாரும் பிடிக்காமலே, மிக நன்றாகக் குலுக்கிக்கொண்டிருந்தான். அவர் புகழேந்தியைப் பார்த்தார். புகழேந்திக்கு அவர் மேல் உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.

"ரத்து பண்ணிடறேன்" என்றார் மெதுவாக.

"ரத்து பண்ண சென்னைல கூட்டம் போடணும் சார்," என்றது பரணிலிருந்து குரல். "ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். விதி பதினாலு."

பந்தலில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. உண்ணாமலைக்குப் பொறுக்கவில்லை. "அழுவாதீங்க சார். அன்னாபிஷேகத்தன்னிக்கி வூட்டு வாசல்ல வந்தவங்கள பட்டினியா அனுப்புவாங்களா யாருனா? கஷ்ட காலம் நெஜமாவே வந்துடுச்சு, ஒத்திகை முடிஞ்சிடுச்சு. வெளிச் சோறு துன்னலாமில்ல? போய் வரிசையில நில்லுங்க."

நாற்பது பேரும் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சடையன் வரிசையை ஒழுங்கு செய்தான். "தள்ளாதீங்க சார், கஷ்ட காலத்துல எல்லாரும் ஒண்ணுதான்" என்று ஏகாம்பரநாதனை ஒரு பாட்டிக்குப் பின்னால் நிறுத்தினான். புளிச்சோறு வாங்கி வந்த ஒவ்வொருவர் இலையிலும் உண்ணாமலை ஜாடியிலிருந்து ஒரு வடு வைத்தாள்.

"இன்னொண்ணு..." என்றார் ஏகாம்பரநாதன்.

"ஒண்ணுதான் சார். தை வரைக்கும் வரணும்."

அவர் கடித்தார். "அருமையா குலுக்கியிருக்கோம்" என்றார்.

சென்னையில் அந்தக் கூட்டம் இதுவரை நடக்கவில்லை. எனவே மாவட்டத்தில் கஷ்ட காலம் முறைப்படி நீடிக்கிறது; யாரும் அதை வித்தியாசமாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. கஷ்டம் வந்தேவிட்டதால் முன்தயாரிப்பு அலுவலகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை மூடாமல், 'நிகழும் கஷ்ட கால நிர்வாக மாவட்ட அலுவலகம்' என்று பெயர் மாற்றினார்கள். புதுப் பலகை எழுத வேண்டும். உள்சுவருக்கும் வேறு நிறம் வேண்டும். அடைமழைக் காலத்தில் உள்வேலை கிடைப்பது அபூர்வம். புகழேந்தி ஏணியை எடுத்துக்கொண்டு போனான். ஏகாம்பரநாதன் சாம்பல் நிறம் கேட்டார்.

மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தான். பக்கத்தில் காசி. சோற்றின் மேல் சுண்டைக்காய் வத்தல், ஓரத்தில் இரண்டு வடு. அறைக் கதவு திறந்தது.

"என்னப்பா அது வாசனை?"

காசி குனிந்துகொண்டான். புகழேந்தி மூடியைச் சாத்தி, அதன் மேல் ஈரப் பிரஷ்ஷை வைத்தான்.

"பெயிண்ட் வாசனைங்க சார்."

ஏகாம்பரநாதன் மூச்சை ஒருமுறை ஆழ இழுத்தார். "நல்லாத்தான் இருக்கு. எத்தனை நாள் இருக்கும்?"

வாய் தன் பாட்டுக்கு வரப் பார்த்தது. புகழேந்தி அதைப் பிடித்து நிறுத்தினான்.

"தாங்காது சார்," என்றான். "சாயங்காலத்துக்குள்ள போயிடும்."